எங்கே நின்றது?

காலையில் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கமிருந்து மத்தளம்பாறை ஜோஹோ அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. எங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் தொழில் என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏற வேண்டும். நான் ஏறவில்லை. வங்கிக் கிளைகளிலும் அலுவலகங்களிலும் ரூட்டர் மாட்டிப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, பையில் ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், நீல நிற கன்சோல் கேபிள், பழைய மடிக்கணினி ஆகியவற்றோடு கடையநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் வரை பஸ்ஸிலேயே சுற்றினேன். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததில் ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

உங்களில் பலர் ஐ.எஸ்.டி.என். என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தொலைபேசிக்காக வீட்டுக்கு வந்த அதே இரண்டு செம்புக் கம்பிகளை டிஜிட்டல் பாதையாக மாற்றிய ஏற்பாடு அது. அதற்கான சர்வதேசத் தரவிதிகள் 1984-இல் வந்தன, 1988-இல் விரிவாக்கப்பட்டன. நம் பக்கத்துக் கிளைகளுக்கு அது வந்து சேர்ந்தபோது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு ஜோடிக் கம்பியில் 64 கிலோபிட் வேகத்தில் இரண்டு வழிகள், கூடவே 16 கிலோபிட்டில் ஒரு சின்ன வழி. பெரிய வழி இரண்டும் தகவலைக் கொண்டுபோகும். அழைப்பைத் தொடங்குவது, முடிப்பது, மறுப்பது எல்லாம் சின்ன வழியின் பொறுப்பு. வங்கிகளில் தினசரி வேலைக்கு லீஸ்டு லைன் என்ற தனி இணைப்பு இருக்கும். அது அறுந்தால் ரூட்டர் தானாகவே எண்ணைச் சுழற்றி ஐ.எஸ்.டி.என். வழியாகத் தலைமை அலுவலகத்தைப் பிடிக்கும். இரண்டு வழிகளையும் சேர்த்தால் 128 கிலோபிட். இன்றைக்கு நீங்கள் அனுப்புகிற 2 எம்.பி. புகைப்படம் ஒன்று அதில் போய்ச் சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் பென்ஷன் வாங்க வந்த ஒரு பெரியவரின் கணக்கைத் திறந்து காட்ட அது தாராளமாகப் போதும்.

அந்த லைன் வேலை செய்யாதபோது பழுது பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ரூட்டரில் ‘ஷோ ஐ.எஸ்.டி.என். ஸ்டேட்டஸ்’ என்று அடித்தால் மூன்று அடுக்குகளின் நிலையைக் காட்டும். முதல் அடுக்கு கம்பி. இரண்டாவது, ரூட்டரும் தொலைபேசி இணைப்பகமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டனவா என்பது. மூன்றாவது, அழைப்பு. கீழிருந்துதான் பார்க்க வேண்டும். முதலாவது சரியில்லாமல் இரண்டாவதைத் தொடுவதில் பயனில்லை; இரண்டாவது சரியில்லாமல் மூன்றாவதைப் பற்றிப் பேசுவதே வீண். படிக்க எளிதாக இருக்கிறது, இல்லையா? வாசலில் ஆட்கள் காத்து நிற்கும்போது இதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

குற்றாலத்துச் சாரல் காலத்தில் ஒரு நாள். மாதத்தின் முதல் வாரம். ஒரு வங்கிக் கிளையில் லீஸ்டு லைன் போய்விட்டது, ஐ.எஸ்.டி.என். பிடிக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கினால் நம் ஊரில் மழை கொட்டாது, ஊறும். நான் போய்ச் சேர்ந்தபோது கிளை வாசலில் குடையோடு ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள். “ஸார், காலையிலேருந்து நிக்காங்க, ஏதாவது பண்ணுங்க” என்றார் மேலாளர். அதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்தில் யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள் என்றார் ஒருவர். ரூட்டரே பழசு, தூக்கிப் போட வேண்டும் என்றார் இன்னொருவர். இணைப்பகத்துக்காரர்களைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றார் காசாளர். யார் செய்தார்கள் என்பதைப் பற்றித்தான் பேச்செல்லாம். எதுவரைக்கும் சரியாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரூட்டரில் பார்த்தேன். முதல் அடுக்கே எழவில்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அழைப்பு எதுவும் இல்லாத நேரத்தில் சில இடங்களில் முதல் அடுக்கு அணைந்திருப்பது இயல்பு. அதைக் கண்டு பதறக் கூடாது. ரூட்டர் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதும் எழவில்லை என்றால்தான் பழுது. அங்கே ரூட்டர் விடாமல் சுழற்றிக்கொண்டிருந்தது. ஆக பாஸ்வேர்டு, தலைமை அலுவலகம் எல்லாம் அந்த நிமிடமே கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. பாஸ்வேர்டு கேட்கப்படும் இடம்வரை இந்த லைன் போகவே இல்லை.

கூட வந்த லைன்மேன் அண்ணாச்சி அதிகம் பேசாதவர். ரூட்டருக்கும் வெளிக் கம்பிக்கும் நடுவே சுவரில் மாட்டியிருந்த என்.டி. பெட்டியைப் பார்த்தார். லைன் விளக்கு நிலைத்து எரியாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. ரூட்டர் கேபிளை மாற்றிப் பார்த்தோம், சிமிட்டல் நிற்கவில்லை. என்.டி. பெட்டியையே கழற்றினார். எக்ஸ்டென்ஷன் பலகை ஒன்றை வாங்கி வெளி வராந்தாவுக்கு இழுத்து, வெளியிலிருந்து வரும் டிராப் ஒயர் கட்டடத்துக்குள் நுழைகிற இடத்தில் அந்தப் பெட்டியை நேரடியாக மாட்டினார். சில நொடிகளில் விளக்கு அசையாமல் எரிந்தது. “வெளி லைன் சுத்தம். உள்ளதான் இருக்கு” என்றார்.

வாசலுக்கும் ரூட்டர் அறைக்கும் நடுவே பதினைந்தடிச் சுவர். வெள்ளையடித்த சுவரில் ஓதம் மேலேறிப் பொருபொருத்திருந்தது. கேசிங் மூடியைத் திறந்தால், உள்ளே யாரோ எப்போதோ கையால் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். டேப்பைப் பிரித்தார். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. மேலாளரால் நம்ப முடியவில்லை. “இதே ஒயர்லதான ஸார் வருஷக்கணக்கா போன் பேசினோம்?” என்றார். பேசியிருப்பார்கள். மனிதக் குரலுக்குத் தொலைபேசி ஒதுக்குவது சுமார் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். கொஞ்சம் கரகரத்தாலும் காது சரிசெய்துகொள்ளும். ஐ.எஸ்.டி.என். அதே கம்பியில் நொடிக்கு 80,000 குறிகளை அனுப்புகிறது. ஒவ்வொரு குறியும் நான்கு அளவுகளில் ஒன்றாகத் துல்லியமாகப் போய்ச் சேர வேண்டும். களிம்பேறிய முறுக்கு அதைத் தாங்காது. அண்ணாச்சி அந்தச் சுவரை விட்டுவிட்டுப் புதுக் கம்பியை மேலே இழுத்துக் கட்டினார். முதல் அடுக்கு எழுந்தது, அடுத்த இரண்டும் தாமாகவே எழுந்தன, கவுன்டர் திறந்தது.

அண்ணாச்சியின் அந்த வராந்தா வேலையை நான் வாழ்நாள் முழுக்க நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதையின் நடுவே போய் நின்று, இதுவரை சரி, இதற்கப்புறம்தான் கோளாறு என்று பிரித்துவிட்டார். பாதியாகப் பிரித்தால் தேட வேண்டியதும் பாதியாகிவிடும். யார் மேலும் குற்றம் சாட்டாமல், குரலைக்கூட உயர்த்தாமல் அதைச் செய்தார்.

உங்களிடம் நான் பார்க்கிற ஒரு பழக்கம் என்னை வருத்துகிறது. எது நின்றாலும் முதலில் ரீஸ்டார்ட். மோடம் நின்றால் ரீஸ்டார்ட், வேலை பிடிக்காவிட்டால் ராஜினாமா, நட்பில் உரசல் வந்தால் எண்ணையே பிளாக். எங்கள் ரூட்டர்களில் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்ற குறிப்பெல்லாம் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் இருந்தன. அணைத்துப் போட்டால் குறிப்பும் அழிந்துவிடும். சில சமயம் லைன் எழுந்துவிடும். ஏன் விழுந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். அடுத்த வாரம் அதே நேரத்தில் திரும்பவும் விழும். பார்த்து, எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அணைக்கலாம். நான் வேலை கற்றுக்கொடுத்த பிள்ளைகளிடம் இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்.

இரண்டாவது அடுக்கில் வரும் கோளாறு வேறு மாதிரி. கம்பி நன்றாக இருக்கும், விளக்கு எரியும், பேச்சு மட்டும் தொடங்காது. ரூட்டர் இணைப்பகத்திடம் முதலில் தனக்கு ஓர் அடையாள எண் கேட்கும். 64-இலிருந்து 126-க்குள் ஓர் எண்ணை இணைப்பகம் கொடுக்கும். அதன் பிறகுதான் இரண்டும் முறைப்படி கைகோக்கும். எண் கிடைக்கவில்லை என்றால், இணைப்பகம் எந்த வகை என்று ரூட்டரில் எழுதியிருப்பதை முதலில் பார்க்க வேண்டும். என்னிடம் வேலை கற்ற ஒரு தம்பி, கெட்டிக்காரன், அமெரிக்கப் புத்தகம் ஒன்றை வரிவிடாமல் படித்துவிட்டு அதில் இருந்தபடியே ரூட்டரை அமைத்திருந்தான். வட அமெரிக்காவில் பல இணைப்பகங்களுக்கு லைன் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் அடையாளக் குறியீடு கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் ஐரோப்பிய முறை. அந்தக் குறியீட்டுக்கு இங்கே வேலையே கிடையாது. ‘நெட்3’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. புத்தகத்திலும் தப்பில்லை, அவன் படிப்பிலும் குறையில்லை. புத்தகம் எந்த ஊர் இணைப்பகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று மட்டும் அவன் பார்க்கவில்லை. வெளியூரில், வெளிநாட்டில் ஜெயித்தவர்களின் யோசனைகளை நீங்கள் இன்று கைபேசியில் நாள் முழுக்கக் கேட்கிறீர்கள். கேளுங்கள். அவர்கள் பேசுவது எந்த ஊர் லைனைப் பற்றி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது அடுக்கைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு மிகவும் ஆசை. ஐ.எஸ்.டி.என்.-இல் அழைப்பு மறுக்கப்பட்டால் அது சும்மா அறுந்துபோகாது. காரணம் ஓர் எண்ணாகத் திரும்பி வரும். 1 என்றால் நீங்கள் சுழற்றிய எண் யாருக்கும் ஒதுக்கப்படவே இல்லை. 17 என்றால் எதிர்முனை வேறு பேச்சில் இருக்கிறது. 34 என்றால் நடுவழியில் காலியான பாதை இல்லை. 88 என்றால் எதிர்முனையில் இருப்பது இந்த வகை அழைப்பை ஏற்கிற கருவியே அல்ல. 16 என்று வந்தால் புதுப் பிள்ளைகள் பதறுவார்கள்; பேசி முடித்து முறையாக வைத்துவிட்டார்கள் என்பதுதான் அதற்குப் பொருள். எண்ணைப் பாராமல் ‘போகலை ஸார்’ என்று மட்டும் சொல்கிறவனுக்கு இந்த ஐந்தும் ஒன்றுதான். 17-க்குக் காத்திருந்தால் போதும். 1-க்கு எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை, எண்ணைத் திருத்த வேண்டும்.

அந்தக் காரணத்தோடு இன்னொரு தகவலும் ஒட்டி வரும். பலர் அதைக் கவனிப்பதில்லை. மறுத்தது யார் என்பது. எதிர்முனைக் கருவியா, நம் பக்கத்து இணைப்பகமா, நடுவில் இருக்கிற வலையமைப்பா, எதிர்முனைக்குப் பக்கத்து இணைப்பகமா என்று இடத்தையும் குறித்தே அது திரும்பும். இதை வகுத்தவர்களை நான் வணங்குகிறேன். திருநெல்வேலி அலுவலகம் நம் அழைப்பை எடுக்கவில்லை என்று இங்கே கொதித்துக்கொண்டிருப்பார்கள். மறுப்பு தென்காசியைத் தாண்டாமலே வந்திருக்கும். அழைத்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கல்யாண அழைப்பு வரவில்லை என்று பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனை! பத்திரிகையைக் கொடுக்கச் சொல்லி ஒருவரிடம் கொடுத்திருப்பார்கள். அவர் மறந்திருப்பார். அழைத்தவர் ‘கூப்பிட்டும் வரவில்லை’ என்பார், அழைக்கப்பட்டவர் ‘கூப்பிடவே இல்லை’ என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. நடுவில் நின்ற இடத்தை யாராவது ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் இரண்டு தலைமுறைப் பகை வந்திருக்காது. நான் சொந்தத்தில் இப்படி இரண்டு வீடுகளை ஒரு பிற்பகலில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். யார் தப்பு என்று யாரையும் கேட்கவில்லை. பத்திரிகை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று மட்டும் வரிசையாகக் கேட்டேன்.

வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். என் வீட்டுக்கு வந்து ஒரு பெண் அழுதாள். எங்கே விண்ணப்பித்தாலும் கிடைக்கவில்லை தாத்தா, எனக்குத் திறமையே இல்லை போலிருக்கிறது என்றாள். ஒரு தாளை எடுத்து எழுதச் சொன்னேன். எத்தனை இடங்களுக்கு அனுப்பினாய்? எத்தனை இடங்களிலிருந்து பதில் வந்தது? எழுத்துத் தேர்வுவரை போனது எத்தனை, நேர்முகம்வரை போனது எத்தனை? எழுதிப் பார்த்தால், நேர்முகத்துக்குக் கூப்பிட்ட எந்த இடத்திலும் அவளை மோசம் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான இடங்களில் விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை, அவ்வளவுதான். அதில் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரி கல்லூரி கொடுத்தது. படிப்பு முடிந்ததும் மூடிவிட்டார்கள். அவள் திறமை சோதிக்கப்படும் இடத்துக்கே விஷயம் போய்ச் சேரவில்லை. முகவரியை மாற்றியதும் மறுநாளே வேலை கிடைத்துவிடவில்லை. ஆனால் பதில்கள் வரத் தொடங்கின. சில இடங்களில் தேர்வில் நின்றாள், அதற்குப் படித்தாள். தன்னையே குறை சொல்லிக்கொண்டு கரைந்து போவதைவிட அது எவ்வளவோ மேல்.

பாஸ்வேர்டு விஷயத்தை இரண்டு வரியில் சொல்லி முடிக்கிறேன். மூன்று அடுக்கும் சரியாகி, அழைப்பு பிடித்து, உடனே அறுந்தால் அப்போதுதான் பெயரையும் பாஸ்வேர்டையும் பார்க்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளி, இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஐ.எஸ்.டி.என். இப்போது உலகமெங்கும் விடைபெறுகிறது. ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 1988-இல் தொடங்கிய சேவையின் டேட்டா பகுதியை 2024 ஜனவரியில் நிறுத்தியது. உங்கள் வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. ஓதச் சுவரில் அது களிம்பேறாது. ஆனாலும் அது வந்து சேரும் பெட்டியிலும் விளக்குகள் இருக்கின்றன. ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அது சிவப்பாக இருக்கும்போது வைஃபை பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருக்கிற வீடுகளை இன்றும் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தச் சாரல் நாளில் களிம்பேறிய ஜாயின்ட் அன்று காலையில் கெட்டதல்ல. மாதக்கணக்கில் கெட்டுக்கொண்டிருந்தது. லீஸ்டு லைன் ஒழுங்காக ஓடியதால் மாற்று லைனை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தேவைப்பட்ட நாளில்தான் அது இல்லை என்றே தெரிந்தது. அதற்குப் பிறகு நான் பராமரித்த கிளைகளில், மாதத்துக்கு ஒருமுறை, வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, லீஸ்டு லைன் கேபிளை நானே பிடுங்கிவிட்டு ஐ.எஸ்.டி.என். எழுகிறதா என்று பார்ப்பேன். மேலாளர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு அவர்களே தேதியை நினைவூட்டுவார்கள். உங்கள் அலுவலகத்தில் இரண்டாவது லைன், யு.பி.எஸ்., பேக்கப் என்று எது இருந்தாலும் அடுத்த சாரல் காலம் வருவதற்குள் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, விளக்குகளின் நிலையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதன் பிறகு கேபிளைப் பிடுங்குங்கள்.